கல்குவாரிக் கழுவுநீர்: அனுமதிக் கோப்பைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்தில் ஆற்றுமணல் அள்ளுவதற்கு 2001இல் சட்டம் கடிவாளம் போட்ட பிறகு, கட்டுமானத் தொழில் மெல்ல மெல்ல, கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்டின் பக்கம் திரும்பியது. திருவனந்தபுரத்தைச் சுற்றி கருங்கல்லுக்கு இருக்கும் தேவையை விழிஞ்ஞம் துறைமுகம் காட்டியது. சுமார் 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளூர்க் கல் போதாமல், கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டக் குவாரிகளிலிருந்தும் லாரிகள் எல்லை தாண்டின. கல் உடைக்கும் இடத்தில் கிரஷர் வருகிறது. கிரஷர் இருக்கும் இடத்தில் மணல் கழுவும் ஆலையும் வருகிறது. கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தவும், அதற்கான அனுமதியை வாங்கிக் காப்பாற்றவும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

சிவில், சுற்றுச்சூழல், வேதியியல், புவியியல் படித்து இந்த வேலையில் முதன்முதலாகக் கால்வைப்பவர்களுக்கும், குவாரியில் சூப்பர்வைசராக இருந்து கோப்பு வேலைக்கு மாறுபவர்களுக்கும் இந்தக் கட்டுரை. இதில் சொல்ல வருவது ஒன்றுதான். உண்மையான தண்ணீர்க் கணக்கு இருந்தால் அனுமதி கிடைக்கும், நிலைக்கவும் செய்யும். கணக்கு பொய்யென்றால் வாங்கிய அனுமதியும் ஒரு மழைக்குத் தாங்காது.

கழுவுநீரில் என்ன இருக்கிறது?

கல்லை நொறுக்கும்போது மணலோடு மாவு போன்ற நுண்தூளும் சேர்ந்து வருகிறது. 75 மைக்ரானுக்கும் நுண்ணிய இந்தத் தூள், நொறுக்கிய மணலில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 (2016). கழுவுவது இதற்காகத்தான். கழுவி நீக்கிய தூள் தண்ணீரில் கலந்து ஸ்லரியாகிறது.

இதைச் சாதாரணத் தொட்டியில் தேக்கினால் தானே தெளிந்துவிடாதா என்று பல முதலாளிகள் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 75 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்கச் சுமார் 3 நிமிடம் போதும். 5 மைக்ரான் துகளுக்கு அதே ஆழம் இறங்க 10 முதல் 12 மணி நேரம் ஆகும். 2 மைக்ரான் என்றால் நாள்கணக்கில் மிதக்கும். அதனால்தான் துகள்களைத் திரட்டிக் கனமாக்கும் பாலிஅக்ரிலமைடு போன்ற ஃபிளாக்குலன்ட், சேற்றை அடர்த்தியாக்கும் திக்கனர், சேற்றைப் பிழிந்து கட்டியாக்கும் ஃபில்டர் பிரஸ், தெளிந்த நீருக்குத் தனித்தொட்டி என்று வரிசையாக வேண்டியிருக்கிறது.

ஃபிளாக்குலன்ட் அளவை ஊகத்தில் வைக்காதீர்கள். மாதிரி நீரில் வெவ்வேறு அளவு கலந்து பார்க்கும் ஜார் டெஸ்ட் செய்து முடிவெடுங்கள். அளவு மிஞ்சினால் அது திரும்பிவரும் நீரில் தங்கி மணலில் ஏறும். கான்கிரீட்டில் சேர்க்கும் ரசாயனங்களின் வேலையையும் கெடுக்கும். வாங்கும் பொருளின் பாதுகாப்புத் தாளைக் கோப்பில் இணைத்து வையுங்கள்.

எந்த அனுமதி, எந்த அலுவலகம்?

"தண்ணியை வெளியே விடறதே இல்லையே, அப்புறம் எதுக்கு அனுமதி?" இந்தக் கேள்வி உங்களுக்கு நிச்சயம் வரும். மறுசுழற்சி செய்வதால் அனுமதி தேவையில்லாமல் போய்விடாது. கழிவுநீர் உண்டாகும் ஆலையை அமைப்பதற்கே ஒப்புதல் வேண்டும். வெளியே விடுவதில்லை என்பது அந்த ஒப்புதலில் நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி.

முதலாவது, குவாரிக்கான சுற்றுச்சூழல் அனுமதி. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி சுரங்கத்துக்கு இது கட்டாயம். தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் இது பொருந்தும். விண்ணப்பம் பரிவேஷ் இணையதளம் வழியாகப் போகிறது. 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் குவாரிகளைச் சேர்த்துக் கூட்டமாகக் கணக்கிடுவார்கள். மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, மக்கள் கருத்துக்கேட்பு என்று வேலை பெருகும்.

கிரஷர் அந்த அறிவிக்கைப் பட்டியலில் தனியாக இல்லை. அதை வைத்து, கழுவும் ஆலைக்கும் சுற்றுச்சூழல் அனுமதிக்கும் சம்பந்தமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆலை குத்தகை நிலத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே என்றால் சுரங்கத் திட்டத்திலும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்திலும் அது இடம்பெற வேண்டும். அனுமதி வாங்கிய பிறகு ஆலையைச் சேர்ப்பதென்றால், பழைய அனுமதியின் நிபந்தனைகளை வரிவரியாகப் படித்து, மாற்றத்தை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குத் தெரிவித்துவிட்டே அடுத்த வேலையைத் தொடங்குங்கள். அனுமதியை மீறி எடுத்த கனிமத்தின் முழு மதிப்பையும் வசூலிக்கலாம் என்று காமன் காஸ் வழக்கில் 2017 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. முதலாளி இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவருக்குச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல். 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் கட்டுவதற்கு முன் ஒன்று, ஓட்டுவதற்கு முன் இன்னொன்று. மூன்றாவது, தண்ணீர் எடுக்கும் அனுமதி. ஆழ்துளைக் கிணறு என்றால் கேரள நிலத்தடி நீர்ச் சட்டம் (2002) குறுக்கே வரும். நான்காவது, பஞ்சாயத்து உரிமம்.

இந்த அனுமதிகளுக்காக நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை நல்ல தங்குமிடம். அங்குள்ள சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே பேசிக் காரியம் முடிக்கலாம். அலுவலகங்களும் தொலைவில் இல்லை. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் தம்பானூர் கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து முனைய வளாகத்தில் இருக்கிறது, நடந்தே போய்விடலாம். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத் தலைமையகம் பட்டத்தில். சுரங்க, புவியியல் இயக்குநரகம் கேசவதாசபுரத்தில். இரண்டுக்கும் கிழக்கேகோட்டையிலிருந்து நகரப் பேருந்து உண்டு. நிலத்தடி நீர்த்துறை அம்பலமுக்கில் உள்ளது. குவாரி தமிழ்நாட்டு எல்லைக்குள் என்றால் வழியே வேறு. ஆணையம் சென்னை சைதாப்பேட்டைப் பனகல் மாளிகையில், வாரியம் கிண்டியில். தமிழ்நாட்டின் 2023 எம்-சாண்ட் கொள்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு போடும் முறை

விண்ணப்பத்தின் உயிர் இதில் இருக்கிறது. எண்ணோடு பழகிக்கொள்ள ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம்.

ஆலை மணிக்கு 50 டன் கழுவிய மணல் தருகிறது. சுற்றில் ஓடும் தண்ணீர் மணிக்கு 60 கனமீட்டர் என்று கொள்வோம். கழுவிய மணல் 10 சதவீத ஈரத்தோடு போனால் அதில் 5 கனமீட்டர் நீர் வெளியேறும். கழுவும்போது பிரியும் 5 டன் நுண்தூள், 20 சதவீதம் நீருள்ள சேற்றுக்கட்டியாகப் போனால் அதில் 1.25 கனமீட்டர். ஆவியாவதும் சிந்துவதும் 0.75 என்று வையுங்கள். மொத்த இழப்பு மணிக்கு 7 கனமீட்டர். 60இல் 53 திரும்புகிறது, அதாவது சுமார் 88 சதவீதம். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு 56,000 லிட்டர் புதுத் தண்ணீர் வேண்டும்.

இந்த 56,000 லிட்டர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். குவாரிக் குழியில் தேங்கும் மழைநீரா, கிணறா, டேங்கரா? மூன்றில் எது, எந்த மாதத்தில் எவ்வளவு என்று அட்டவணையாகக் கொடுங்கள். "100 சதவீத மறுசுழற்சி" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஈரமணல் லாரி ஏறும்போதே தண்ணீரும் சேர்ந்து போகிறது என்று தெரிந்தவர்தான் எதிரே உட்கார்ந்திருப்பார். கழுவுநீரை வெளியே விடுவதில்லை என்பது வேறு, தண்ணீரே செலவாகவில்லை என்பது வேறு. முன்னதை நிரூபிக்கலாம். பின்னது பொய்.

எண்களுக்கு மீட்டர் ஆதாரம் வேண்டும். புதுநீர் நுழையும் குழாயிலும் தெளிநீர் திரும்பும் குழாயிலும் ஃப்ளோ மீட்டர் வையுங்கள். தினசரி அளவைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஆலை ஓடாத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள். ஒரே அளவு மாதம் முழுக்க வரிசையாக நின்றால் பதிவேட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

மழைக்காலம்தான் பரீட்சை

திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவமழையும் உண்டு. ஒரு ஹெக்டேர் பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். அது கழுவுநீர்த் தொட்டிக்குள் புகுந்தால் எந்தத் திக்கனரும் தாங்காது. சேறு முழுக்க அருகிலுள்ள தோட்டில், அதாவது ஓடையில், இறங்கிவிடும். ஆகவே மழைநீரும் கழுவுநீரும் எந்த இடத்திலும் கலக்கக்கூடாது. குவாரியைச் சுற்றி மாலைபோல் ஓடும் வாய்க்கால், அதன் முடிவில் வண்டல் பொறி, கழுவும் பகுதிக்குக் கூரையோ வரம்போ, தொட்டியில் அவசர இடைவெளி ஆகியவற்றை வரைபடத்திலேயே காட்டுங்கள்.

வாய்க்கால் அடைத்தால் என்ன ஆகும் என்பது கிழக்கேகோட்டைக்கு நன்றாகவே தெரியும். தம்பானூர், கிழக்கேகோட்டைப் பகுதிகளில் மழைதோறும் நீர் தேங்கியதால் 2015இல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் மாவட்ட நிர்வாகம் வடிகால்களைத் திறந்துவிட நேர்ந்தது. நகரத்தில் அடைத்தவை ஆக்கிரமிப்பும் குப்பையும். மலையடிவாரத் தோட்டை அடைப்பது கல்மாவு. நகரத்துக்குக் குடிநீர் தரும் அருவிக்கரை அணை கரமனையாற்றில்தான் இருக்கிறது. மேலே கலங்கிய தோடு கடைசியில் ஒருவர் வீட்டுக் குழாய்வரை வரும் என்பதை மறக்காதீர்கள்.

உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், பி.எச். 5.5 முதல் 9. வெளியே விடாத ஆலையும் தன் எல்லைக்கு மேலேயும் கீழேயும் தோட்டு நீரைச் சோதித்துவைக்க வேண்டும். ஆலை தொடங்கும் முன்பே எடுத்த அடிப்படை அளவு, பின்னாளில் புகார் வரும்போது உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

சேறு எங்கே போகிறது?

தண்ணீரைக் கவனித்துச் சேற்றை மறந்த கோப்புகள்தான் அதிகம் திரும்பிவருகின்றன. மேலே போட்ட கணக்கின்படி ஒரு நாளைக்கு 50 டன் ஈரச் சேற்றுக்கட்டி சேரும். அதைப் பக்கத்து வயலில் தட்டினால் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் (2008) பாயும். வெயிலில் காயவிட்டால் சிலிக்கா கலந்த தூசியாகித் தொழிலாளியின் நுரையீரலுக்குள் போகும். செங்கல், ஹாலோ பிளாக் செய்பவரோடு எழுத்து ஒப்பந்தம், அல்லது ஒப்புதல் பெற்ற திட்டப்படி வேலை முடிந்த குழியை நிரப்புதல் என்று முடிவான வழியைக் காட்டுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் ரசீது வையுங்கள்.

அனுமதிக்குப் பிறகு

அனுமதி ஆணையை வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. மூன்று தேதிகளை நாள்காட்டியில் குறியுங்கள். ஜூன் 1, டிசம்பர் 1: அரையாண்டு நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை. செப்டம்பர் 30: படிவம் 5இல் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கை. நிபந்தனைகளை எண் போட்டு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர், புகைப்படம், தேதி சேருங்கள். ஆய்வுக்கு வரும் பொறியாளர் "டேங்க் நிரம்பினா தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டால் வாயால் விளக்காமல், நேரே அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

வேலை எங்கெல்லாம் இருக்கிறது?

நான்கு இடங்களில் இருக்கிறது. குவாரி, கிரஷர் நிறுவனங்களில் தளச் சுற்றுச்சூழல் அலுவலர்; இந்தியத் தரக் கவுன்சிலின் (கியூ.சி.ஐ.) நாபெட் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்களில் நீர் மாசு நிபுணரின் உதவியாளர். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில் மாதிரி எடுப்பவர். சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் நிறுவனங்களில் செயல்முறைப் பொறியாளர். ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தால் பல கோப்புகளைப் பார்க்கலாம். தளத்தில் சேர்ந்தால் ஒரு கோப்பு நிஜத்தில் எப்படி ஓடுகிறது என்று தெரியும். முடிந்தால் தளத்தில் தொடங்குங்கள்.

கற்க வேண்டியவை: பரிவேஷில் விண்ணப்பம் ஏற்றுவது, குத்தகை எல்லையை வரைபடக் கோப்பாக்குவது, ஜார் டெஸ்ட், ஓட்ட அளவீடு, ஆய்வக அறிக்கையைப் படிப்பது. கேரளத்தில் வேலை என்றால் மலையாளம் வாசிக்கப் பழகுங்கள். பஞ்சாயத்துத் தீர்மானமும் பக்கத்து வீட்டாரின் புகார் மனுவும் மலையாளத்தில்தான் வரும்.

முதலாளி ஒருநாள் "மீட்டர் அளவைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்க" என்று சொல்லக்கூடும். எழுதாதீர்கள். அந்தத் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஆலைக்குக் கீழே தோட்டின் கரையில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. குறைபாட்டை மறைக்காமல் எழுத்தில் சொல்லி, திருத்தத்துக்குத் தேதியும் போட்டுக் கொடுங்கள். இந்தத் தொழிலில் நிலைத்து நிற்கப் போகிறவர்கள் அப்படி எழுதுபவர்கள்தான்.