குவளையில் பிடித்துக் காட்டும் தண்ணீர்

சென்னையை அடுத்த நெமிலிச்சேரி பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, “தண்ணி எப்படி?” தரகர் உடனே மோட்டாரைப் போட்டு ஒரு குவளை பிடித்துக் காட்டுவார். தெளிவாக இருக்கும், நாற்றமும் இருக்காது. பேச்சு அதோடு முடிந்துவிடும். 2014இல் வண்டலூர்–நெமிலிச்சேரி வெளிவட்டச் சாலை திறந்த பிறகு இந்த வட்டாரத்தில் மனைப்பிரிவுகள் பெருகின, கூடவே குப்பையும். ஆவடியின் குப்பை ஆண்டுக்கணக்கில் குவிந்த சேக்காடு அதிகத் தொலைவில் இல்லை. கேட்பாரற்ற காலி மனைகளோ இன்னும் பக்கம்.

“மண்ணே எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்” என்பார்கள். பாதி உண்மை. களிமண் ஈயத்தையும் செம்பையும் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். குளோரைடும் நைட்ரேட்டும் அதற்குப் பிடிபடாமல் தண்ணீரோடு நழுவிப் போய்விடும். மழைநீர் குப்பைக்குள் இறங்கிக் கறுப்புச் சாறாகக் கசியும்போது வேறொன்றும் நடக்கிறது. அந்தச் சாறு நிலத்தடியில் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும், மண்ணில் காலங்காலமாகச் சும்மா கிடந்த இரும்பும் மாங்கனீசும் கரையத் தொடங்குகின்றன. குப்பையில் இல்லாத உலோகத்தைக்கூட அது மண்ணிலிருந்தே கிளப்பிவிடும். இப்படிப்பட்ட தண்ணீர் குழாயிலிருந்து தெளிவாகத்தான் விழும். காற்றுப்பட்டுச் சிறிது நேரம் கழித்துத்தான் வாளியில் செம்மஞ்சள் படியும். தரகரின் குவளைக்கு அவ்வளவு நேரம் கொடுப்பதில்லையே! இயற்கையாகவே இரும்பு அதிகமுள்ள ஊற்றுகளும் உண்டு என்பதால், கறையை மட்டும் வைத்துக் குப்பைமேட்டின் மீது பழி போட்டுவிடவும் முடியாது.

“போரை ஆழமாப் போட்டா தப்பிச்சுடலாம்.” கேசிங் பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டால் அடைக்காவிட்டால், மேல்மட்டத்து அழுக்கு அந்த வழியாகவே கீழே இறங்கும். வேகமாக இறைக்க இறைக்கப் பக்கத்து நீரையும் போர் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். அதன் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்து ஆறுதல் அடைகிறவர்களுக்கு ஒன்று: கரைந்த உப்புகளின் மொத்தத்தை அது தோராயமாகக் காட்டும். அதில் நைட்ரேட் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

எதிர்ப்பக்க நம்பிக்கையும் ஒன்று இருக்கிறது: “குப்பைமேடு இருந்தால் சுற்றுவட்டாரக் கிணறு எல்லாமே போச்சு.” அப்படியில்லை. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு நீளும். டென்மார்க்கில் பழைய குப்பைமேடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, பெரும்பாலும் அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை என்பதுதான். பாதாளச் சாக்கடை இல்லாத மனைப்பிரிவில் கிணற்று நைட்ரேட்டுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் வீட்டு செப்டிக் டேங்கை. அரை கிரவுண்டில் டேங்கும் போரும் அருகருகே இருக்க, சேக்காட்டை மட்டும் திட்டுவது சௌகரியமான கோபம்.

“குப்பையை அள்ளிவிட்டார்கள், இனிப் பயமில்லை.” சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையைச் சலித்து அகற்றும் பயோமைனிங்கில் இறங்கியிருக்கிறார்கள். நல்ல வேலைதான், புதுக் கசிவின் ஊற்று வற்றும். ஆனால் இரண்டு இடங்களிலும் அடியில் தடுப்புப் படலம் எதுவும் விரிக்காமலே குப்பை கொட்டினார்கள், ஏற்கெனவே இறங்கியது இறங்கியதுதான். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் நார்மன் நகரக் குப்பைமேட்டை 1985இல் மூடிக் களிமண் போர்த்தினார்கள். பத்தாண்டு கழித்து ஆய்வாளர்கள் போனபோதும் கீழே கசிவு ஓடிக்கொண்டிருந்தது. சலித்த மண் லோடு மலிவாகக் கிடைக்கிறதென்று மனையை நிரப்பப் போகிறவர்கள், அதில் உலோகமும் உப்பும் எவ்வளவு என்று சோதனை அறிக்கை கேட்டு வாங்க வேண்டும். கீரைப் பாத்திக்கு அந்த மண் வேண்டவே வேண்டாம்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டி யாரும் தண்ணீரைச் சோதிக்கலாம். நைட்ரேட், அம்மோனியா, குளோரைடு, இரும்பு, மாங்கனீசு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஒருமுறை. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, போரிலிருந்து நேராகப் பிடியுங்கள், மேல்தொட்டிக் குழாயிலிருந்து வேண்டாம்.