ஊர் சொல்லும் வண்டி வேண்டாம், உங்கள் சாலை கேட்கும் வண்டியை வாங்குங்கள்

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடமான பிள்ளைகள் முதல் கார் வாங்கும்போது என்னிடம் யோசனை கேட்பதுண்டு. பலர் கேட்டுவிட்டுப் போய் வேறு எதையோ வாங்கி வருகிறார்கள். நண்பர்கள் எல்லோரும் எஸ்யூவி வைத்திருப்பதால் ஒருவருக்கு எஸ்யூவி. "டீசல்தான்டா மைலேஜ், டீசல்தான்டா இழுக்கும்" என்று ஊரிலிருந்து அப்பா சொன்னதால் இன்னொருவருக்கு டீசல். ஏழு வருடம் தவணை கட்டப் போகிறவர்கள், தினமும் எந்தச் சாலையில், எத்தனை கிலோமீட்டர், என்ன வேகத்தில் ஓட்டப் போகிறோம் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

எல்லோரும் அறிந்தவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாதம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு சாதாரண பெட்ரோல் வண்டி போதும். வழியில் சிஎன்ஜி பங்க் இருந்து, டிக்கியில் பாதி இடம் போனாலும் பரவாயில்லை என்பவர் சிஎன்ஜி எடுக்கலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் பரிசோதனை உண்டு, அதை மறக்கக் கூடாது. சொந்த வீட்டு வாசலில் சார்ஜ் போட வசதியிருந்து, ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான் என்றால் மின்சார வண்டி நல்ல தேர்வு. அதற்கு ஜிஎஸ்டியும் ஐந்து சதவீதம்தான்.

இனி டீசல். நகரத்துக்குள் ஓட்டும் இளைஞர்கள் இன்று அதிகம் ஏமாறுவது இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பாமார்கள் பொய் சொல்லவில்லை. 2012 நடுவில் பெட்ரோல் 70 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 45 ரூபாய்க்குக் கீழே இருந்தது. அன்று டீசல் வண்டி வாங்கியவர் உண்மையிலேயே பணம் மிச்சம் பிடித்தார். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்குவதற்கு முன்பே அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கியிருந்தது. 2024 மார்ச்சுக்குப் பிந்தைய சென்னை விலை பெட்ரோல் 101, டீசல் 92 ரூபாயை ஒட்டி இருந்தது. பத்து ரூபாய்கூட வித்தியாசம் இருக்கவில்லை. ஆனால் வண்டி விலையில் ஒன்றரை லட்சம்வரை டீசலுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

ஒரு கணக்கு. நகருக்குள் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14, டீசல் 16 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு பெட்ரோல் செலவு சுமார் 7,200 ரூபாய், டீசல் செலவு சுமார் 5,750. மிச்சம் 1,450. கூடுதலாகக் கொடுத்த ஒன்றரை லட்சம் திரும்பி வர ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது பதினேழு வருடம்.

காசைவிடப் பெரிய சிக்கல் சைலன்சர் பாதையில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்துவிட்டது. கரி நிறைந்ததும் அது சுமார் 600 டிகிரி சூட்டில் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு வண்டி பதினைந்து, இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வேண்டும். சென்னையில் வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு நாலு சிக்னல் தாண்டி ஆபீஸ் போகிற வண்டிக்கு அந்த இருபது நிமிடம் எப்போது கிடைக்கும்? பாதி எரியும்போதே இன்ஜினை அணைத்துவிடுவோம். இப்படி எரிப்பதற்காகக் கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் வண்டியின் இழுவை குறைந்து, சர்வீஸ் சென்டரில்தான் போய் நிற்கும். வண்டி மேல் குற்றமில்லை, அதற்கு ஒத்துவராத வேலையைக் கொடுத்ததுதான் குற்றம். மாருதி 2020-லேயே டீசல் கார்களை நிறுத்திவிட்டதையும் நினைவில் வையுங்கள்.

மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர், ஏழு பேரோடும் சுமையோடும் அடிக்கடி வெளியூர் போகிறவர், இவர்களுக்கு டீசல் இன்றும் சிறந்ததுதான். மற்றவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்து ஹைபிரிட். நான் ஓட்டுவது அதுதான். அதன்மேல் எனக்குப் பிரியம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. இதில் சிறிய பேட்டரி, மோட்டார், பெட்ரோல் இன்ஜின் மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது. வெளியிலிருந்து சார்ஜ் போடும் வேலையே இல்லை. 1997-இல் டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள் முதல் தேறிவந்த நுட்பம் இது. இங்கே 2022-இல் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா வழியாகப் பரவலானது.

நெரிசலில்தான் இதன் அருமை தெரியும். கத்திப்பாராவில் மே மாத வெயிலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்திருக்கும், ஏசி மட்டும் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஏசி கம்ப்ரசரை ஓட்டுவது இன்ஜின் பெல்ட் அல்ல, பேட்டரி. சில நிமிடத்துக்கு ஒருமுறை இன்ஜின் தானே எழுந்து, சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி உறங்கிவிடும். மற்ற வண்டிகளுக்கு மைலேஜ் சரிகிற இடத்தில் இது நிமிர்கிறது.

ஆனாலும் புதிதாக வாங்குபவர் முதல் மாதத்திலேயே சோர்ந்துவிடக் கூடாது. ஹைரைடருக்குச் சொல்லப்படும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், ஏசி இல்லாமல் ஆய்வகத்தில் எடுத்த அளவு. ஏசியோடு நகருக்குள் எனக்கு 22, 23 கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் 80, 90-இல் போனால் அதே அளவு. 110-ஐத் தாண்டினால் சட்டென்று இறங்கிவிடும். காய்கறிக் கடைவரை போய்த் திரும்பும் ஓட்டத்தில் இன்ஜின் சூடாவதற்கே பெட்ரோல் போய்விடும், அன்று மீட்டர் 12 காட்டினாலும் கலங்க வேண்டாம். ஒரே பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். நாலைந்து முறை நிரப்பிய பிறகு வரும் சராசரியே நம்பத்தக்கது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியிலேயே பேட்டரி நிறைந்துவிடும். பிறகு வேகத்தைப் பிடிக்க இன்ஜின் உரக்கச் சுழலும். அது பழுதல்ல. பின்சீட்டுக்கு அருகே பேட்டரிக்குக் காற்றிழுக்கும் வலை இருந்தால் அதைப் பையோ துண்டோ வைத்து அடைக்காதீர்கள், மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காவிட்டால் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும், பெரிய பேட்டரி இருந்தும் வண்டி கிளம்பாது. டொயோட்டா தன் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது.

ஹைபிரிட்டுக்கும் கணக்கு உண்டு. பெட்ரோல் வண்டியைவிட மூன்று லட்சம் கூடக் கொடுத்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு சுமார் 2,600 ரூபாய் மிச்சம் என்ற கணக்கில், மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆறரை வருடத்தில் போட்ட பணம் திரும்பும். ஐந்நூறு ஓட்டுபவருக்குத் திரும்பவே திரும்பாது. அவர் பெட்ரோல் வண்டியே எடுக்கட்டும். இன்னொன்று: ஒரு ஷோரூமில் மைல்டு ஹைபிரிட்டையே "ஹைபிரிட்தான் சார்" என்று என்னிடம் விற்கப் பார்த்தார்கள். அதில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை நகர்த்தாது. "மோட்டார் மட்டும் வண்டியை ஓட்டுமா?" என்று கேட்டு, ஓட்டிப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. காலுக்குச் செருப்பு வாங்குகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் கால் அளவைக் கேட்பதில்லை. முன்சீட்டில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு மாதம் இரவல் வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகும் தூரத்தை எழுதிப் பாருங்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். பெற்றோர் சொல்லை மதிப்போடு கேளுங்கள், ஆனால் அவர்கள் ஓட்டிய சாலையும் காலமும் வேறு என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். வாங்கிய பின்னும் அவசரம் வேண்டாம். ஹைபிரிட்டில் நிதானமாக ஆக்சிலரேட்டர் மிதிப்பவருக்கும் முன்கூட்டியே பிரேக்கில் கால் வைப்பவருக்கும் கிடைக்கும் மைலேஜ், பாய்ந்து பாய்ந்து போகிறவருக்கு ஒருநாளும் கிடைக்காது. படிப்போ வேலையோ வண்டியோ, நமக்கு எது ஒத்துவரும் என்று அறிந்து தேர்ந்தெடுத்து, பலன் வரும்வரை பொறுத்திருப்பவருக்கே அது கைகூடும்.