வீட்டுத்தோட்டத்திற் கூடுகட்டும் குருவிகள்

பறவைகளாற் பயிருக்குக் கேடே விளையும் என எண்ணுவோர் பலர். விளைந்த நெல்லை ஊர்க்குருவி கொத்துவது மெய்யே. எனினும், அது தன் குஞ்சுகளைப் பெரும்பாலும் பூச்சிகளையும் புழுக்களையும் ஊட்டியே வளர்க்கின்றது. 1958ஆம் ஆண்டிற் சீன நாட்டிற் குருவிகள் பயிர்ப்பகையெனக் கருதப்பட்டு நாடெங்கும் அழிக்கப்பட்டன. பின்னர்ப் பூச்சிகள் பெருகுதல் கண்டு, 1960ஆம் ஆண்டில் அழிக்கப்படவேண்டியவற்றின் வரிசையிலிருந்து குருவி நீக்கப்பட்டது. ஆகவே, கமக்காரர் ஒவ்வொருவரும் தம் வீட்டருகே கூடுகட்டும் குருவிகளை அறிந்திருத்தல் நன்று.

1. இரு நண்பர்கள்

ஊர்க்குருவி மனிதர் வாழும் இடத்தை விட்டு அகலாதது. இறப்பின் கீழ் மண்முட்டி கட்டி அதற்கு இடமளித்தல் இந்நாட்டின் பழைய வழக்கம். குண்டுக்கரிச்சான் கருமையும் வெண்மையும் கலந்தது. வாலை நிமிர்த்தி நடப்பது. விடியற்காலையில் உயர்ந்த கிளையிலிருந்து இனிமையாகப் பாடுவது. மரக்கறிப் பாத்திகளிடையே இறங்கிப் புழு, வெட்டுக்கிளி, கறையான் முதலியவற்றைப் பொறுக்கியுண்ணும். இவை இரண்டும் பொந்துகளிற் கூடுகட்டுவன. பட்ட மரங்கள் தறிக்கப்பட்டு, ஓட்டு வீடுகளும் குறைந்துவரும் இடங்களில் இவற்றுக்குப் பொந்து கிடைப்பது அரிது.

2. கூட்டுக்கு இடமமைத்தல்

ஊர்க்குருவிக்கு: சிறு மண்முட்டியொன்றின் வாயைப் பலகைத் துண்டினால் மூடுக. பக்கத்தில் ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள துவாரமிடுக. நீர் வடிய அடியிற் சிறு துளை வேண்டும். முட்டி ஆடாதவாறு இறப்பின் கீழ்க் கட்டுக.

குண்டுக்கரிச்சானுக்கு: பழைய பலகையினால் அடிப்பக்கம் 6 அங்குலச் சதுரமும் உயரம் 10 அங்குலமுமுள்ள பெட்டி செய்க. அடியிலிருந்து 6 அங்குல உயரத்தில் 2 அங்குலத் துவாரம் இருத்தல் வேண்டும். உட்புறத்தைச் சீவி மழுக்கவோ வர்ணம் பூசவோ வேண்டாம். குஞ்சுகள் பற்றி ஏறுதற்குச் சொரசொரப்பு உதவும். மூடி திறக்கக்கூடியதாயிருத்தல் நன்று.

இவற்றை 8 முதல் 10 அடி உயரத்தில், நண்பகல் வெயிலும் மழைச்சாரலும் படாத பக்கத்தில், பூனை தாவ முடியாதவாறு அமைக்கவேண்டும். குண்டுக்கரிச்சான் பெரும்பாலும் பங்குனி முதல் புரட்டாதி வரை குஞ்சு பொரிப்பதால், தை மாதத்திலேயே பெட்டியை வைத்துவிடுதல் நலம்.

3. கவனிக்கும் முறை

இருபது அடி தூரத்தில் அமைதியாயிருந்து கவனிக்க. மூடியைத் திறந்து பார்த்தலும் முட்டையைத் தொடுதலும் ஆகா. அஞ்சிய பறவை கூட்டைக் கைவிடவுங்கூடும். பறவை புல்லும் வேரும் கொண்டுவரும் நாளை முதலிற் குறித்துக்கொள்க. குண்டுக்கரிச்சானிற் பேடே அடைகாக்கும். சேவல் அயலிற் காவல் புரியும். ஏறக்குறைய இரு வாரங்களிற் குஞ்சுகள் பொரிக்கும். பறவை வாயிற் புழுவுடன் உட்செல்வதே அதற்கு அடையாளம். அப்போது தாயும் தந்தையும் இரையூட்டும். குஞ்சுகளின் எச்சத்தையும் அலகிற் கவ்வி வெளியே கொண்டுபோகும். காலையில் ஒரு மணி நேரம் அவை எத்தனைமுறை இரையுடன் வருகின்றன என எண்ணிப் பார்ப்பின், தோட்டத்துக்குக் கிடைக்கும் ஊழியம் நன்கு விளங்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் இக்கணக்கை ஒப்படைக்கலாம்.

மேலும் இரு வாரங்களிற் குஞ்சுகள் வெளிவரும். தரையிலிருக்கும் இளங்குஞ்சைத் தாயற்றதென எண்ணிக் கூண்டில் அடைத்தல் தவறு. பூனையெட்டாத செடியில் விட்டால் பெற்றோர் வந்து ஊட்டும்.

4. பூச்சிநாசினி பற்றிய எச்சரிக்கை

நஞ்சு தெளிக்கப்பட்ட செடியில் மயங்கிக் கிடக்கும் புழுவைப் பறவை எளிதிற் பிடித்துக் குஞ்சுக்கு ஊட்டும். இறகு முளையாத சிறு குஞ்சுக்குச் சிறிதளவு நஞ்சும் கேடாகலாம். ஆகவே, குஞ்சுகள் உள்ள நாட்களிற் கூட்டின் அயலிலுள்ள பாத்திகளிற் புழுக்களைக் கையாற் பொறுக்கி அழித்தல் நன்று. பீடை மிகுந்து தெளித்தல் தவிர்க்க முடியாததாயின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுக. குருவிகள் பீடை முழுவதையும் ஒழித்துவிடுமென நம்புதலும் கூடாது. அவை உழவனுக்குத் துணையேயன்றி மருந்தல்ல.

5. பருவ முடிவில்

குஞ்சுகள் பறந்து, பெற்றோரும் திரும்பி வாராமை உறுதியானபின், பழைய கூட்டை அகற்றி, பெட்டியைக் கொதிநீராற் கழுவி வெயிலிற் காயவைத்து மீண்டும் கட்டுக. பழைய முட்டி ஒன்றும் சில பலகைத் துண்டுகளுமே இதற்காகும் செலவு.