சிறைக்குப் பதில் சிகிச்சை கிடைக்குமா?

கேள்வி: என் தம்பி மகன் கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபட்டு வழக்கு நடக்கிறது. பழக்கத்தை விட முடியாமல் தவிக்கிறான். ‘ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடுங்கள்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஜெயங்கொண்டம்

பதில்: அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம் அம்மா. அபராதத்தோடு முடிந்தாலும் அவன் குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவாகிவிடும். பழக்கமோ அப்படியே இருக்கும்.

போதைக்கு அடிமையானவர்களைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப அமெரிக்காவின் மயாமியில் 1989-இல் தொடங்கியது போன்ற தனி நீதிமன்றம் நம் பக்கம் இல்லை. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பிரிவு 64-ஏ: சிறிய அளவு வைத்திருந்த வழக்கில், போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவு என்றால் சிறிய அளவுதான். பாதியில் நின்றால் விலக்கு பறிபோகலாம். பிரிவு 39 வேறு: குற்றம் உறுதியான பிறகும், அவன் சம்மதித்தால், உடனே தண்டிக்காமல் பிணைப்பத்திரம் வாங்கிச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இவற்றை யாராவது மனுவாகக் கேட்க வேண்டும். பல ஏழை வீடுகளில் அந்த ஆள்தான் இல்லை என்பது என் வருத்தம். அரியலூரிலோ பெரம்பலூரிலோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் பார்க்காமல், வழக்கறிஞர் இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சிகிச்சைக்கு 14446.

இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். புறநோயாளிச் சீட்டு, மருந்துச் சீட்டு, உள்நோயாளியாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, எதையும் தொலைக்காதீர்கள். மனுவோடு இணைக்க அவை வேண்டும்.