கோபுர உயரமும் ஒரு பாகையும்

கேள்வி: பித்தாகரஸ் தேற்றம் இருக்கும்போது சைன், டேன் எல்லாம் எதற்கு?

பதில்: பித்தாகரஸுக்கு இரண்டு பக்கங்கள் தெரிந்தாக வேண்டும். கோபுரத்தின் முன்னால் நிற்பவர் கையில் இருப்பதோ ஒரே ஒரு பக்கம்தான். உயரமும் தெரியாது, கர்ணமும் தெரியாது. ஆனால் கோணத்தை அளந்துவிடலாம். ஒரே கோணம் கொண்ட செங்கோண முக்கோணங்கள் சிறிதோ பெரிதோ, எல்லாமே ஒரே வடிவம். ஆகவே எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் வரும் எண் மாறுவதில்லை. அந்த எண்தான் டேன். நாற்பது மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது உச்சி 35 பாகையில் தெரிகிறது என்போம். டேன் 35-இன் மதிப்பு 0.7002, நாற்பதால் பெருக்கினால் 28 மீட்டர். கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதையும் கூட்டினால் 29.5. (தேர்வில் பலர் கோட்டைவிடுவது இந்த ஒன்றரையில்தான்.)

கோணத்தை அளப்பதில் பிசகினால்? பிசகும். 36 என்று தவறாகப் படித்தால் விடையில் ஒரு மீட்டருக்கு மேல் கூடிவிடும். மிக அருகில் போய் 70 பாகையில் அண்ணாந்து பார்த்தால் அதே ஒரு பாகைப் பிழை ஒன்றரை மீட்டரைத் தாண்டும். விகிதப்படி பிழை மிகக் குறைவது 45 பாகையில்தான். உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளியை நெருங்க முடியாதே என்று கேட்கலாம். அப்போது இரண்டு இடங்களில் கோணம் எடுங்கள்: 45 பாகை கிடைத்த இடத்திலிருந்து பின்னால் 20 மீட்டர் நகர்ந்ததும் 30 ஆகக் குறைந்தால், கண்மட்டத்துக்கு மேல் உயரம் இருபதை (√3 − 1)-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 27.3 மீட்டர்.