பனுவலும் நிகழ்வும்: நாடகக் கோட்பாடுகளின் ஒளியில் மதுரை இசை நாடகம்

முன்னுரை

முத்தமிழுள் ஒன்றாகப் போற்றப்பெறும் நாடகத்திற்குரிய பழந்தமிழ் இலக்கண நூல்கள் முழுமையாகக் கிடைத்தில. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலியன உரையாசிரியர்களின் குறிப்புகளாலேயே அறியப்படுகின்றன. இவ்விழப்பை ஈடுசெய்ய எழுந்த இரு முயற்சிகள் மதுரையோடு தொடர்புடையவை. அதே மதுரையில் தழைத்த இசை நாடகத்தை விளக்க எவ்வகைக் கோட்பாடு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பனுவல்வழிக் கோட்பாடுகள்

மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற்கலைஞர், வடமொழி, ஆங்கில நாடக மரபுகளை உளங்கொண்டு 1897இல் ‘நாடகவியல்’ என்னும் இலக்கண நூலைச் செய்யுளில் இயற்றினார். விபுலானந்தர் 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் ஆற்றிய உரை விரிவுபெற்று, 1926இல் ‘மதங்க சூளாமணி’ என நூலாயிற்று. அதன் உறுப்பியல் தமிழ் நாடக உறுப்புகளையும், எடுத்துக்காட்டியல் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களையும், ஒழிபியல் தனஞ்சயரின் தசரூபகக் கருத்துகளையும் எடுத்துரைக்கின்றன.

இவ்விரு நூல்களும் எழுதப்பட்ட பனுவலையே பெரிதும் அடிப்படையாகக் கொள்கின்றன. முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐவகைச் சந்திகள் கதையின் வளர்ச்சியை அளக்கும் கருவிகளாகும். கதைப்பின்னலே அவலநாடகத்தின் உயிர் என்றும், நடிகரும் மேடையும் இன்றியும் அதன் ஆற்றல் விளங்கும் என்றும் கருதிய அரிஸ்டாட்டிலின் நிலைப்பாடும் இத்திசையினதே.

நிகழ்வுவழிக் கோட்பாடு

தமிழ் மரபில் இதற்கு மாறான நோக்கும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணர் செயிற்றியனார் கருத்தை எடுத்தாள்கிறார். அதன்படி நடிப்போனின் செயல் காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு. இவ்வரையறையில் மெய்ப்பாடு பனுவலில் உறைவதன்று. இருவருக்கும் இடையே நிகழ்வது.

சிலப்பதிகார அரங்கேற்று காதையும் இந்நோக்கை உறுதிசெய்கிறது. ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய அறுவரின் தகுதிகளை அது வரையறுக்கிறது. இவர்களுள் புலவன் ஒருவனே, தலைவன் அல்லன். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கில், தூணின் நிழல் விழாதவாறு விளக்கு அமைக்கப்பெற வேண்டும் என்பது காண்போர் கண்ணை முன்னிறுத்திய விதியாகும்.

மதுரை இசை நாடகம்

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களைக் கொண்ட இக்குழுவில் பாடமும் பாடலும் ஆசிரியரின் நேரடிப் பயிற்சியால் உருப்பெற்றன. அவருடைய வள்ளி திருமணம், பவளக்கொடி முதலியன பின்னர் ஸ்பெஷல் நாடக மேடையில் வேறொரு வாழ்வு பெற்றன. அங்கே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் ஆகியோர் தனித்தனியே ஒப்பந்தமாகி, கூட்டு ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் சந்திக்கின்றனர். அனைவருக்கும் பொதுவான பாடல்களும் காட்சி வரிசையும் ஹார்மோனியக்காரரின் வழிகாட்டலுமே அவர்களை இணைக்கின்றன.

வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் இடையே நிகழும் தர்க்கம் இதற்குத் தக்க சான்று. கதைப்போக்கில் அது சிறு பகுதி. சந்தி அளவையால் நோக்கின் மிகை எனவும் தோன்றும். ஆயின் எதிராளியின் வினாவை உடனுக்குடன் மடக்கும் திறனும், அதனை அவை ஏற்கும் முறையுமே அப்பகுதியின் நீளத்தை முடிவுசெய்கின்றன. வள்ளி முருகனை மணப்பாள் என்பதைக் காண்போர் முன்பே அறிவர். எனவே ‘அடுத்து என்ன நிகழும்’ என்பதினும் ‘இன்று எவ்வாறு நிகழும்’ என்பதே அவர்தம் ஆர்வமாகிறது. இவ்வார்வத்தைச் செயிற்றியனார் வரையறை விளக்குகிறது. சந்திக் கோட்பாடு விளக்குவதில்லை.

இதனால் சந்திகள் பயனற்றவை ஆகா. அவை கதையின் கட்டமைப்பை உணர்த்துவன. ஒரே பனுவல் ஓர் இரவில் சிறந்து மற்றோர் இரவில் சோர்வதற்குரிய காரணத்தை அவற்றால் காட்ட இயலாது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

முடிவுரை

அச்சிட்ட பனுவலை மட்டும் கொண்டு இசை நாடகத்தை மதிப்பிடின், நடிகரின் உடனடிப் படைப்பாற்றல் ‘பாடபேதம்’ எனவும் ‘இடைச்செருகல்’ எனவும் ஒதுக்கப்படும். ஏட்டில் இடம்பெறாத அவ்வாற்றல் அதனை அறிந்த கலைஞரோடு மறையும் இயல்பினது. ஆதலின் பனுவல் பதிப்போடு நிகழ்த்துமுறைப் பதிவும் காண்போர் எதிர்வினைப் பதிவும் இணைதல் வேண்டும். மெய்ப்பாட்டியல் உரைகளும் அரங்கேற்று காதையும் அத்தகைய ஆய்வுக்குரிய அடிப்படையைத் தமிழிலேயே வழங்குகின்றன.