எச்.ஐ.வி.யும் பங்கசுத் தொற்றும்: மருந்து எங்கே தாக்குகிறது? பக்கவிளைவு ஏன் வருகிறது?

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம், சுகாதாரமும் உடற்கல்வியும்)

மாணவர்களே,

எயிட்ஸ் தொற்றும் வழிகளை எழுதச் சொன்னால் நீங்கள் மனனமாக எழுதிவிடுவீர்கள். "இதற்கு மருந்து உண்டா?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். சிலர் "மருந்து இல்லை" என்று எழுதுகின்றனர். சிலர் "நுண்ணுயிர்கொல்லி கொடுத்துக் குணப்படுத்தலாம்" என்று எழுதுகின்றனர். இரண்டும் பிழை. ஏன் பிழை என்பது விளங்கினால் இப்பாடத்தின் அரைவாசி முடிந்தது.

முதலில் ஓர் அடிப்படை. நல்ல மருந்து, கிருமியிடம் இருந்து எம்மிடம் இல்லாத ஒன்றையே தாக்கும். பென்சிலின் பற்றீரியாவின் கலச்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. மனிதக் கலத்துக்குக் கலச்சுவர் இல்லை. ஆகவே ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர ஏனையோருக்கு அது பெரிய தீங்கு செய்வதில்லை. வைரசுக்கோ கலச்சுவரும் இல்லை, கலமும் இல்லை. எனவே பென்சிலினுக்கு அங்கே வேலையில்லை.

பங்கசின் நிலை வேறு. அதன் கலத்தில் எம்முடையதைப் போலவே கருவும் இழைமணியும் உண்டு. பற்றீரியாவைவிடப் பங்கசு எமக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். உறவினரைத் தனியாகப் பிரித்துத் தாக்குவது கடினம் அல்லவா? விஞ்ஞானிகள் கண்ட முக்கிய வேறுபாடு கலமென்சவ்வில் உள்ளது. எமது மென்சவ்வில் கொலஸ்திரோல்; பங்கசின் மென்சவ்வில் எர்கொஸ்திரோல். குளோற்றிமசோல், புளுக்கொனசோல், ரேபினபீன் ஆகியவை எர்கொஸ்திரோல் உற்பத்தியின் வெவ்வேறு படிகளைத் தடுக்கின்றன. அம்போரெரிசின் பி, உருவாகிவிட்ட எர்கொஸ்திரோலைப் பிடித்து மென்சவ்வைப் பழுதாக்கிவிடுகிறது. கலத்தின் உள்ளிருப்பவை வெளியே கசியப் பங்கசு இறக்கிறது.

எர்கொஸ்திரோலும் கொலஸ்திரோலும் அமைப்பில் ஒத்தவை என்பதை மறக்க வேண்டாம். அம்போரெரிசின் எமது கலங்களையும் ஓரளவு பாதிக்கும். காய்ச்சல், நடுக்கம் வரும், சிறுநீரகம் பழுதடையலாம். அதனால் உயிராபத்தான தொற்றுக்கு மாத்திரம் வைத்தியசாலையில் வைத்து ஏற்றுகின்றனர். விழுங்கும் புளுக்கொனசோல், ரேபினபீன் குளிசைகள் சிலருக்கு ஈரலைத் தாக்கலாம். புளுக்கொனசோல் வேறு சில மருந்துகளின் அளவைக் குருதியில் கூட்டியும் விடும். தோலில் பூசும் களிம்பு உடலுக்குள் மிகச் சிறிதளவே செல்வதால் இந்தப் பயம் குறைவு.

களிம்பு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் காரைநகரில் கடலில் நனைந்து தொழில் செய்வோருக்கும், விளையாடிய வியர்வையோடு உடை மாற்றாமல் ரியூசனுக்கு வரும் உங்களுக்கும் தொடையிடுக்கில் படர்தாமரை வருவது புதுமையல்ல. வெட்கத்தில் வீட்டில் சொல்லாமல், கூட்டாளி சொன்ன களிம்பை வாங்கிப் பூசுகிறீர்கள். அவற்றுட் சிலவற்றில் ஸ்ரீரொயிட் கலந்திருக்கும். இரண்டு நாளில் சொறிவும் சிவப்பும் அடங்கும். ஸ்ரீரொயிட் அடக்கியது உங்கள் தோலின் எதிர்ப்பைத்தான். பங்கசு ஆறுதலாகப் பரவும், தோலும் மெலியும். சுகமாகிவிட்டது என்று இடையில் நிறுத்தினால் மீண்டும் வரும். ரேபினபீனுக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பங்கசு இந்தியாவிலும் பின்னர் வேறு நாடுகளிலும் கண்டறியப்பட்டு, 2020இல் றைக்கோபைற்றன் இந்தோரினியே எனப் பெயர் பெற்றது.

இனி எச்.ஐ.வி. பங்கசையும் இதையும் ஏன் ஒன்றாகப் படிக்கிறோம்? எச்.ஐ.வி. அழிப்பது சீ.டி.4 எனப்படும் வெண்குருதிக் கலங்களை. நிர்ப்பீடனம் குன்றியதும், சுகதேகியிடம் அடங்கிக் கிடக்கும் பங்கசுகள் தலைதூக்குகின்றன. வாயில் கன்டிடா வெண்படலமாகப் படரும். கிரிப்ரோகொக்கசு மூளையுறையைத் தாக்கும். 1981 யூனில் அமெரிக்காவில் எயிட்ஸ் பற்றி வெளியான முதல் அறிக்கையே, லொஸ் ஏஞ்செல்சில் ஐந்து இளைஞருக்கு ஏற்பட்ட நியுமோசிஸ்ரிஸ் என்ற நுரையீரற் தொற்றைப் பற்றியதுதான். அதுவும் ஒரு பங்கசு என்று பின்னர் தெளிவானது.

1986இல் சென்னையில் வைத்தியர் சுனிதி சொலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த குருதி மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டு, இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. உறுதியானது. அப்போது கொடுப்பதற்கு ஒரு மருந்தும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1987இல், சிடோவுடீன் வந்தது.

அது செய்யும் வேலை இது: எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. உருவாக்க ஒரு தனி நொதியத்தை வைத்திருக்கிறது. சிடோவுடீன் டி.என்.ஏ.யின் கட்டடக் கல்லைப் போல வேடமிட்டு அந்தச் சங்கிலியில் புகும். அதன்மேல் அடுத்த கல்லை வைக்க முடியாது, சங்கிலி நின்றுவிடும். ஆனால் எமது கலங்களும் டி.என்.ஏ. கட்டுகின்றன. போலிக் கல் அங்கும் ஓரளவு தடையாகும். வேகமாகக் கலம் பிரியும் என்பு மச்சை பாதிக்கப்படுவதால் குருதிச்சோகை ஏற்படலாம்.

தனி மருந்து நெடுநாள் தாங்கவில்லை. பெருகும்போது அடிக்கடி பிழைவிட்டுப் பிரதிபண்ணும் வைரசு இது; அப்பிழைகளில் ஒன்று மருந்துக்குத் தப்பிவிடும். 1996 அளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. மூன்றுக்கும் ஒரே வேளையில் தப்புவது வைரசுக்கு மிக அரிது. இன்று உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்யும் முதல்நிலைச் சேர்க்கை ரெனோபோவிர், லமிவுடீன், டொலுரெக்ராவிர். மூன்றும் ஒரே குளிசையாக நாளுக்கு ஒன்று. ரெனோபோவிர் சிலரின் சிறுநீரகத்தையும் என்பையும் பாதிக்கலாம்; டொலுரெக்ராவிரால் நித்திரைக் குறைவும் நிறை கூடுதலும் ஏற்படலாம். முந்திய மருந்துகளோடு ஒப்பிட்டால் இவை சிறியவை. பரிசோதித்து மருந்தை மாற்றவும் முடியும். தானாகவே குளிசையை நிறுத்துவதுதான் ஆபத்து. வைரசின் டி.என்.ஏ. சில கலங்களில் ஒளிந்து கிடக்கிறது; நிறுத்தினால் சில வாரங்களில் பெருகும், எதிர்ப்பும் பெறலாம். எனவே விடையில் "கட்டுப்படுத்தும்" என எழுதுக. "குணப்படுத்தும்" என எழுதவேண்டாம்.

ஒழுங்காகக் குடிப்பவரின் குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும்; அந்நிலை நீடிக்கும்வரை பாலுறவு மூலம் பிறருக்குத் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கை 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. கர்ப்பிணிகளைப் பரிசோதித்து உரிய காலத்தில் மருந்து கொடுத்ததே காரணம். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் இரகசியம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் ஒன்று உண்டு.

பயிற்சி
1. பென்சிலின் எச்.ஐ.வி.யைத் தாக்காதது ஏன்? (காரணம் இன்றி "வைரசு என்பதால்" என எழுதினால் புள்ளி இல்லை.)
2. பங்கசு மருந்துகள் மனிதக் கலங்களையும் பாதிக்கக் காரணம் யாது?
3. எச்.ஐ.வி. உள்ள ஒருவர் உடல் தேறிவிட்டதெனக் குளிசையை நிறுத்துகிறார். அடுத்த சில மாதங்களில் அவரது சீ.டி.4 கலங்களுக்கும் வாய்க்கும் என்ன நேரலாம்? விளக்குக.